பழைய வரைபடங்களோடு டெத் வேலியின் சுரங்க ஊர்களைத் தேடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலிஃபோர்னியாவின் கிழக்கு ஓரத்தில், நெவாடா எல்லையை ஒட்டிக் கிடக்கிறது டெத் வேலிப் பாலைவனம். 1870களிலிருந்து அங்கே வெள்ளி, போராக்ஸ் (வெண்காரம்), தங்கம், செம்பு, ஈயம் என்று ஒன்று மாற்றி ஒன்றைத் தோண்டினார்கள். ஒவ்வொரு முறையும் ஊர்கள் முளைத்தன, சில வருடங்களில் காலியாயின. அந்த ஊர்களையும் அவற்றுக்குப் போன பாதைகளையும் பழைய வரைபடங்களில் தேட ஆரம்பிப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

செயற்கைக்கோள் படம் கையில் இருக்கும்போது பழைய வரைபடம் எதற்கு?

செயற்கைக்கோள் படம் இன்று என்ன மிச்சம் இருக்கிறது என்று காட்டும். அது என்னவாக இருந்தது என்று சொல்லாது. மலைச்சரிவில் ஒரு மெல்லிய கோடு தெரிகிறது என்று வையுங்கள். அது கழுதைத் தடமா, வண்டிப் பாதையா, ரயில் தடமா, குழாய் பதித்த பள்ளமா? மேலிருந்து பார்த்தால் நான்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அந்தக் காலத்து வரைபடம் அதை ரயில் பாதை என்று குறித்திருந்தால் கேள்வி தீர்ந்தது.

இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுதான் முக்கியம். ஒரே இடத்தை 1880களில், 1910 வாக்கில், 1950களில், இன்று என்று நான்கு வரைபடங்களில் பார்த்தால், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த இடத்தின் வரலாறு. எந்தப் பாதை புதிதாக வந்தது, எந்த ஊற்றுக்குப் பெயர் வைத்தார்கள், எந்த ஊர் அடுத்த பதிப்பில் காணாமல் போனது என்று பாருங்கள். தங்கம் எங்கே கிடைத்தது என்பதைவிட தண்ணீர் எங்கிருந்து வந்தது, தாது எந்த வழியாக வெளியே போனது என்பவைதான் இந்த ஊர்களின் ஆயுளைத் தீர்மானித்தன. அந்த இரண்டையும் வரைபடத்தைப் போலத் தெளிவாகச் சொல்லும் ஆவணம் வேறு இல்லை.

இந்த வரைபடங்கள் எங்கே கிடைக்கும்? காசு கொடுக்க வேண்டுமா?

முக்கியமானவை எல்லாம் இலவசம். அமெரிக்க நில ஆய்வுத் துறையான யு.எஸ்.ஜி.எஸ். 1879-ல் தொடங்கப்பட்டது. 1880களிலிருந்து அது அச்சிட்ட நிலப்பரப்பு வரைபடங்களை எல்லாம் ஸ்கேன் செய்து 'டோப்போவியூ' என்ற தளத்தில் வைத்திருக்கிறார்கள். ஊர்ப் பெயரைத் தேடி, இடத்தைத் தொட்டால், அந்த இடத்துக்கு வந்த எல்லாப் பதிப்புகளும் வருட வரிசையில் வரும். டெத் வேலிக்கு முதலில் எடுக்க வேண்டியவை 1910-ல் வெளியான ஃபர்னஸ் கிரீக் தாளும் 1913-ல் வெளியான பாலரட் தாளும். இரண்டும் 1:250,000 அளவு, அதாவது தரை தாளில் 250,000-ல் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கும். அதற்கப்புறம் 1950களில் வந்த 1:62,500 தாள்கள். அதில் ஒரு அங்குலம் ஏறக்குறைய ஒரு மைல். கடைசியாக 1:24,000 தாள்கள்.

யு.எஸ்.ஜி.எஸ்.ஸுக்கு முந்தைய காலத்துக்குப் போக வேண்டுமானால் ராணுவ அதிகாரி ஜார்ஜ் வீலர் நடத்திய அளவைப் பயணங்களின் தாள்களைப் பாருங்கள். அவருடைய குழு 1871-ல் டெத் வேலியைக் கடந்து போனது. இவை அமெரிக்க காங்கிரஸ் நூலகத்திலும் டேவிட் ரம்சி வரைபடத் தொகுப்பிலும் இணையத்தில் இருக்கின்றன.

ஊருக்குள் தெருத் தெருவாகப் பார்க்க வேண்டுமென்றால் சான்பார்ன் நிறுவனம் தீ விபத்துக் காப்பீட்டுக்காக வரைந்த படங்கள். ஒவ்வொரு கட்டடமும் அதில் இருக்கும். செங்கல் என்றால் இளஞ்சிவப்பு, மரம் என்றால் மஞ்சள், கல் என்றால் நீலம். ஆனால் காப்பீடு எடுக்கும் அளவுக்கு நிலைத்த ஊர்களைத்தான் அவர்கள் வரைந்தார்கள். வடக்கே டோனோபா, கோல்ட்ஃபீல்ட் போன்ற ஊர்களுக்குக் கிடைக்கும். இரண்டு வருடம் கூடாரத்தில் இருந்துவிட்டுக் கலைந்த ஊருக்குக் கிடைக்காது.

வரைபடத்தில் அச்சிட்ட வருடத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. தாளின் ஓரத்தில் சிறிய எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். அளவெடுத்த வருடம் ஒன்று, வெளியிட்ட வருடம் ஒன்று, மறுபடி அச்சிட்ட வருடம் வேறொன்று. அளவெடுத்ததற்கும் அச்சுக்கும் இடையில் நான்கைந்து வருடம் ஓடியிருந்தால், இந்தப் பகுதியில் அதற்குள் ஒரு ஊர் பிறந்து செத்திருக்கும்.

கிரீன்வாட்டர் என்ற ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்கின் கிழக்கே, பிளாக் மலைத்தொடருக்கு அப்பால், 1905 வாக்கில் செம்பு வேட்டை கிளம்பியது. பணம் கொட்டியது, கம்பெனிகள் குவிந்தன. 1909-க்குள் எல்லாம் ஓய்ந்துவிட்டது. பேச்சுக்கேற்ற தாது பூமிக்குள் இல்லவே இல்லை. அளவெடுத்த வருடத்தைப் பார்க்காமல், ஒரு தாளில் கிரீன்வாட்டர் இருக்கிறது, இல்லை என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

மறு அச்சும் ஏமாற்றும். 1930களில் மறுபடி அச்சிட்ட தாளில் பழைய பாதைகளும் பெயர்களும் அப்படியே இருக்கலாம். அந்த ஊர் அதுவரை இருந்தது என்பதற்கு அது சாட்சி ஆகாது.

குறியீடுகளை எப்படிப் படிப்பது?

யு.எஸ்.ஜி.எஸ். தாள்களில் பாதி கறுத்த சிறு சதுரம் என்றால் ஷாஃப்ட், அதாவது நேராகக் கீழே இறங்கும் குழி. 'ஒய்' எழுத்தைப் போன்ற கவட்டைக் குறி என்றால் மலைக்குள் படுக்கைவாட்டில் போகும் சுரங்கத்தின் வாய். பெருக்கல் குறி என்றால் யாரோ தாது இருக்கிறதா என்று தோண்டிப் பார்த்துவிட்டுப் போன குழி. புள்ளிகளாகத் தூவிய பரப்பு தாதுக் கழிவைக் கொட்டிய இடமாக இருக்கலாம். உடைந்த கோடுகள் தடங்கள், இரட்டைக் கோடுகள் பாதைகள், குறுக்குக் கோடு போட்டவை ரயில்.

ஒரு சரிவில் பெருக்கல் குறிகள் நிறைய இருந்து ஷாஃப்ட் ஒன்றுகூட இல்லையென்றால், பலர் ஆசையோடு வந்து ஒருவருக்கும் ஒன்றும் கிடைக்காத இடம் அது. இந்தப் பகுதியில் அப்படிப்பட்ட சரிவுகள்தான் அதிகம். ஷாஃப்ட், சுரங்கவாய், ஆலை, பாதை நான்கும் ஒன்றாகத் தெரிந்தால் அங்கே உண்மையாகவே வேலை நடந்திருக்கிறது.

பழைய தாள்களில் உள்ள இந்தச் சுரங்கக் குறிகளை யு.எஸ்.ஜி.எஸ்.ஸே ஒவ்வொன்றாக எடுத்து ஒரு தரவுத்தொகுப்பாகவும் வெளியிட்டு வருகிறது. கணினியில் வரைபட மென்பொருள் பழகியவர்களுக்கு அது பெரிய உதவி.

ஒரு இடத்தை எடுத்து, ஆரம்பத்திலிருந்து எப்படிப் பார்ப்பீர்கள்?

ஸ்கிடூவைச் சொல்கிறேன். பனமின்ட் மலைத்தொடரில், சுமார் 5,700 அடி உயரத்தில் 1906-ல் தங்கம் கிடைத்த இடம். ஊரில் கிட்டத்தட்ட 700 பேர் வரை இருந்தார்கள். இன்றைக்குப் போனால் ஒரு தகவல் பலகையும் வெறும் மேடும்தான். பலர் பலகையைப் படித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்.

முதலில் சம உயரக் கோடுகளைப் பாருங்கள். ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள் அவை, நெருங்கியிருந்தால் சரிவு செங்குத்து. ஊர் ஒரு மேட்டு நிலத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஆலையோ பக்கத்துப் பள்ளத்தின் செங்குத்தான ஓரத்தில் தள்ளி நிற்கிறது. ஏன் அங்கே? தாதுவை மேலே கொட்டினால் அது தன் எடையிலேயே ஒவ்வொரு தட்டாகக் கீழே இறங்கி, இடித்துப் பொடியாகி, அடியில் தங்கமாகப் பிரிய வேண்டும். அதற்குச் சமதளம் ஆகாது, செங்குத்துச் சரிவுதான் வேண்டும். பழைய தாதாலைகள் எல்லாம் படிக்கட்டைப் போல மலையில் சாய்ந்து நிற்பதற்கு இதுதான் காரணம். வரைபடத்தில் கோடுகள் நெருங்கியிருக்கும் ஓரங்களைத் தேடினால் ஆலை இருந்த இடம் பெரும்பாலும் அகப்பட்டுவிடும்.

அடுத்த கேள்வி தண்ணீர். ஸ்கிடூவைச் சுற்றி ஆலைக்குப் போதுமான ஊற்று இல்லை. தெற்கே டெலஸ்கோப் சிகரத்தின் பக்கம் இருக்கும் பர்ச் ஊற்றிலிருந்து 23 மைல் தூரம் குழாய் போட்டுக் கொண்டுவந்தார்கள். அந்த உயரத்திலிருந்து இறங்கிய தண்ணீரின் வேகத்திலேயே ஆலை பெரும்பாலும் ஓடியது. இந்தப் பாலைவனத்தில் நீர்விசையால் ஓடிய ஆலை என்பதை முதலில் படித்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை. ஆனால் வரைபடத்தில் ஊற்றின் உயரத்தையும் ஆலையின் உயரத்தையும் எழுதி வைத்துப் பார்த்தால் கணக்கு சரியாக வருகிறது. குழாய் இப்போது இல்லை. அதைப் பதிக்கச் செதுக்கிய தழும்பு மட்டும் மலையில் இன்னும் தெரிகிறது. பழைய தாளையும் செயற்கைக்கோள் படத்தையும் பக்கத்தில் வைத்து, ஊற்றிலிருந்து தொடங்கி, மெதுவாக இறங்கிக்கொண்டே மலையைச் சுற்றி வரும் கோட்டைத் தேடுங்கள்.

அப்புறம் பாதை. ஊர் 1917 வாக்கில் முடிந்துபோனது. ஆனால் அதற்குப் போன வண்டிப் பாதை பின்னால் வந்த தாள்களிலும் தொடர்கிறது, இன்றைக்கும் மண் சாலையாக இருக்கிறது. ஒரு ஊர் செத்த பிறகும் அதன் பாதை பிழைத்திருப்பது இங்கே வழக்கம்.

கடைசியாகத்தான் செய்தித்தாளுக்குப் போவேன். ரயோலைட் என்ற சுரங்க ஊரின் ரயோலைட் ஹெரால்ட், புல்ஃப்ராக் மைனர் போன்ற அந்தக் காலத்துப் பத்திரிகைகள் இப்போது இணையத்தில் படிக்கக் கிடைக்கின்றன. டெத் வேலியின் சுரங்க வரலாற்றைத் தேசியப் பூங்காத் துறை 1981-ல் விரிவாகத் தொகுத்து வெளியிட்டது, அதுவும் இலவசம். வரைபடத்தைப் பார்த்துக் கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டு இவற்றுக்குப் போனால் என்ன தேடுகிறோம் என்று தெரியும்.

வரைபடத்தில் ஒரு பெயர் ஓரிடத்தில் இருக்கிறது, இன்னொரு தாளில் வேறு இடத்தில் இருக்கிறது. எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம், ஏனென்றால் ஊரே இடம் பெயர்ந்திருக்கும். ரயன் இதற்கு நல்ல உதாரணம். லைலா சி. என்ற போராக்ஸ் சுரங்கத்தை ஒட்டி இருந்த குடியிருப்புக்கு முதலில் ரயன் என்று பெயர். 1914, 1915 வாக்கில் அந்தச் சுரங்கத்தை விட்டுவிட்டு மேற்கே இன்னொரு சுரங்கத்துக்குப் போனார்கள், பெயரையும் கூடவே எடுத்துக்கொண்டு போனார்கள். புதிய ரயனுக்கும் டெத் வேலி ஜங்ஷனுக்கும் இடையே 1914 முதல் 1931 வரை அகலம் குறைந்த தண்டவாளத்தில் ஒரு ரயில் ஓடியது. ஆகவே 'ரயனில் நடந்தது' என்று ஒரு பழைய குறிப்பு சொன்னால், முதலில் அது எந்த வருடத்துக் குறிப்பு என்று பாருங்கள்.

கிரீன்வாட்டரும் அப்படித்தான். முதலில் போட்ட மனைகளை விட்டுவிட்டு ஊர் பக்கத்து இடத்துக்கு நகர்ந்தது.

போய்ப் பார்த்தால் ஒன்றுமே இல்லையே, வரைபடம் பொய்யா?

பெரும்பாலும் இல்லை. மரமும் கூடாரத் துணியும் கொண்டு கட்டிய ஊர்கள் இவை. மரம் இந்தப் பாலைவனத்தில் விலைமதிப்புள்ள பொருள். ஒரு ஊர் காலியானதும் பலகைகளைக் கழற்றி அடுத்த ஊருக்கு வண்டியில் ஏற்றிவிடுவார்கள். ரயோலைட்டிலிருந்து முழுக் கட்டடங்களையே பக்கத்திலிருக்கும் பீட்டிக்கு நகர்த்தினார்கள்.

ரயோலைட்டின் கதை அவ்வளவு வேகமானது. 1904 ஆகஸ்டில் தாது தேடி அலைந்த ஷார்ட்டி ஹாரிஸும் எட் கிராஸும் அந்தப் பக்கத்தில் தங்கம் கண்டார்கள். 1905-ல் ஊர். 1907-ல் ஆயிரக்கணக்கான மக்கள், மின்சாரம், மூன்று ரயில் நிறுவனங்களின் போக்குவரத்து. 1910 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 675 பேர். 1916-ல் மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். கல்லிலும் கான்கிரீட்டிலும் கட்டியதால் மூன்று மாடி வங்கியின் சுவர்களும் ரயில் நிலையமும் நிற்கின்றன. மற்றதெல்லாம் போய்விட்டது.

அதனால் ஊரைத் தேடும்போது வீட்டைத் தேடாதீர்கள். மலையில் வெட்டிச் சமப்படுத்திய மேடைகள், கற்களை அடுக்கிய தடுப்புச் சுவர்கள், துருப்பிடித்த தகர டப்பாக்கள், ஊதா நிறம் ஏறிய கண்ணாடித் துண்டுகள் இவற்றைப் பாருங்கள். முதல் உலகப் போர் காலம் வரை கண்ணாடியில் மாங்கனீசு சேர்ப்பது வழக்கம், வெயிலில் பல வருடம் கிடந்தால் அது ஊதாவாகும். அந்தத் துண்டு ஒன்று கிடந்தால் தோராயமான காலம் தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். பங்கு விற்கவும் மனை விற்கவும் அச்சிட்ட வரைபடங்களை இதோடு சேர்க்காதீர்கள். அவற்றில் இருக்கும் தெருக்களில் பல தரையில் போடப்படவே இல்லை. அளவை செய்தவரின் தாளில் அதே தெருக்கள் இருந்தால் மட்டும் நம்புங்கள்.

காணாமல் போன ரயில் பாதைகளை எப்படிப் பின்தொடர்வது?

ரயில் செங்குத்தாக ஏறாது. இதை நினைவில் வைத்தால் பாதி வேலை முடிந்தது. சாலை நேராக மேடேறும் இடத்தில் ரயில் தடம் வளைந்து வளைந்து போகும், பள்ளத்தில் மண் நிரப்பிய கரை இருக்கும், மேட்டில் வெட்டு இருக்கும். லாஸ் வேகாஸ் - டோனோபா ரயில் 1906 இறுதியில் ரயோலைட்டுக்கு வந்தது, 1918-ல் நின்றது. தண்டவாளத்தைப் பெயர்த்த பிறகு அந்தத் தடத்தின் பெரும்பகுதி சாலையானது. இன்று லாஸ் வேகாஸிலிருந்து பீட்டிக்கு 95-ஆம் நெடுஞ்சாலையில் போகிறவர்கள் பல இடங்களில் அந்த ரயிலின் வழியிலேயே போகிறார்கள். டோனோபா - டைட்வாட்டர் ரயில் மட்டும் 1940 வரை தாக்குப்பிடித்தது. அது பிழைத்ததற்கு முக்கியக் காரணம் போராக்ஸ்.

கிளைம் வரைபடங்கள் என்கிறார்களே, அவை என்ன?

1872 சுரங்கச் சட்டப்படி, அரசு நிலத்தில் தாதுநரம்பு கண்டவர் அதன் நெடுக்கில் 1,500 அடியும், இருபுறமும் 300 அடி வீதம் 600 அடி அகலமும் தனக்கென்று குறித்துக்கொள்ளலாம். அந்தத் துண்டுக்குத்தான் கிளைம் என்று பெயர். வேலை செய்து காட்டி, அளவை செய்து, ஏக்கருக்கு 5 டாலர் கட்டினால் நிலமே சொந்தமானது; 1994-லிருந்து புதிதாக அப்படிச் சொந்தமாக்கிக்கொள்வது நிறுத்தப்பட்டுவிட்டது. அப்படிச் சொந்தமானவற்றுக்கு அரசு அளவையாளர் வரைந்த படம் உண்டு. அமெரிக்க நில மேலாண்மைத் துறையின் நிலப்பதிவுத் தளத்தில் இவை பல இலவசமாகக் கிடைக்கின்றன.

நிலப்பரப்புத் தாளில் ஒரு புள்ளியாக இருப்பது இதில் விரிந்து நிற்கும். ஷாஃப்ட் எத்தனை அடி, சுரங்கம் எந்தத் திசை, கொல்லன் பட்டறை எங்கே, பக்கத்துக் கிளைமோடு எங்கே மோதுகிறது என்பதெல்லாம் இருக்கும். ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும் செவ்வகங்களைப் பார்த்தாலே அங்கே எவ்வளவு வழக்கு நடந்திருக்கும் என்று புரியும்.

சொந்தமாகாத கிளைம்கள்தான் மிக அதிகம். அவற்றின் விவரம் மாவட்டப் பதிவு அலுவலகப் புத்தகங்களில் மட்டும் இருக்கும், டெத் வேலியின் பெரும்பகுதிக்கு அது இன்யோ மாவட்டம், ரயோலைட்டுக்கு நெவாடாவின் நை மாவட்டம். 'பெரிய பாறையிலிருந்து வடக்கே அரை மைல்' என்ற மாதிரியான வர்ணனைகள் அவற்றில் வரும். நிலப்பரப்புத் தாள் இல்லாமல் அவற்றைப் பிடிக்க முடியாது.

மாநில எல்லை ஏன் சில தாள்களில் தள்ளி இருக்கிறது?

கலிஃபோர்னியா - நெவாடா சாய்வு எல்லையை அளவையாளர் வான் ஷ்மிட் 1872, 1873-ல் அளந்தார். அதில் பிழை இருந்தது. 1893 முதல் 1899 வரை மறுபடி அளந்து திருத்தினார்கள். இடைப்பட்ட காலத்து வரைபடங்களில் பழைய கோடுதான் இருக்கும். எல்லையோரச் சுரங்கம் எந்த மாநிலப் பதிவேட்டில் இருக்கும் என்று தேடும்போது இரண்டையும் பாருங்கள்.

பழைய தாளை இன்றைய படத்தின்மேல் எப்படிப் பொருத்துவது?

டோப்போவியூவிலிருந்து ஜியோடிஃப் வடிவில் (இடக்குறிப்பும் சேர்ந்த படக்கோப்பு) இறக்கினால் பொருத்தும் வேலை ஏற்கெனவே முடிந்திருக்கும். கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் திறந்து, கீழே செயற்கைக்கோள் படத்தை வைத்து, மேல் தாளை மங்கலாக்கிப் பார்க்க வேண்டியதுதான். வீலர் தாள், கம்பெனி வரைபடம் போன்றவற்றை நீங்களே பொருத்த வேண்டும். தாளிலும் தரையிலும் மாறாத புள்ளிகளாக எட்டுப் பத்து எடுங்கள். மலைச் சிகரங்கள், அட்சரேகை தீர்க்கரேகை வெட்டும் இடங்கள், அளவைக் கற்கள் நல்லவை. பாதைச் சந்திப்பு வேண்டாம். காட்டாற்றுப் படுகை வேண்டவே வேண்டாம், ஒரு வெள்ளத்தில் அது இடம் மாறிவிடும்.

எவ்வளவு பொருத்தினாலும் ஒரு வரம்பு உண்டு. 1:250,000 தாளில் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள கோடு தரையில் 125 மீட்டர் அகலம். 1:62,500 தாளில் 31 மீட்டர். எனவே 1910 தாளில் உள்ள சுரங்கப் புள்ளியைத் தரையில் ஒரு கல்லுக்கு நேராகத் தேடாதீர்கள், ஒரு சரிவு முழுவதையும் தேடுங்கள்.

இதோடு இன்னொரு விஷயம். அட்சரேகை தீர்க்கரேகையைக் கணக்கிடும் அடிப்படை காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. பழைய தாள்கள் 1927-ஆம் ஆண்டு அளவை அடிப்படையிலோ அதற்கும் முந்தையதிலோ இருக்கும், கைபேசி ஜிபிஎஸ் இன்றைய அடிப்படையில் இருக்கும். இரண்டுக்கும் இந்தப் பகுதியில் 80, 90 மீட்டர் வித்தியாசம் வரும். தாளின் ஓரத்தில் உள்ள எண்ணைப் பார்த்து அப்படியே ஜிபிஎஸ்ஸில் தட்டினால் பக்கத்துப் பள்ளத்தில் போய் நிற்பீர்கள்.

வரைபடத்தில் யார் இல்லை?

இதை எல்லோரும் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன். டிம்பிஷா ஷோஷோனி மக்கள் இந்தப் பள்ளத்தாக்கில் சுரங்கக்காரர்களுக்கு வெகு காலம் முன்பிருந்தே வாழ்கிறார்கள். குளிர்காலத்தில் பள்ளத்தாக்கிலும் கோடையில் பனமின்ட் மலைமேலும் இருப்பது அவர்கள் வழக்கம். மெஸ்கீட் மரத்தின் காய்களும் பினியன் என்ற பைன் மரத்தின் கொட்டைகளும் அவர்களுடைய உணவு. பழைய தாள்களில் அவர்களுடைய கோடை வாசஸ்தலங்களுக்கோ தடங்களுக்கோ பெயர் இல்லை. சுரங்கக்காரர்கள் 'கண்டுபிடித்த' ஊற்றுகளும் மலைப் பாதைகளும் பல அவர்கள் காட்டியவை, அல்லது அவர்கள் நடந்து உண்டானவை. சுரங்கம் வந்ததும் ஊற்றுகள் கைமாறின, பினியன் மரங்கள் கரிக்கும் விறகுக்கும் வெட்டப்பட்டன. 2000-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் மூலம்தான் அவர்களுடைய தாய்நிலத்தின் ஒரு பகுதி சட்டப்படி திரும்பக் கிடைத்தது. ஃபர்னஸ் கிரீக்கில் அவர்கள் இன்றும் வசிக்கிறார்கள். அது குடியிருப்பு, அனுமதி இல்லாமல் உள்ளே சுற்றக் கூடாது.

அதேபோல ஹார்மனி போராக்ஸ் ஆலை. 1883 முதல் 1888 வரை அங்கிருந்து 165 மைல் தள்ளி மோஹாவி ரயில் நிலையத்துக்கு இருபது கோவேறு கழுதைகள் பூட்டிய வண்டிகள் போயின. வண்டிப் பாதை வரைபடத்தில் உண்டு, விளம்பரத்திலும் உண்டு. வெள்ளை உப்புத் தரையில் குனிந்து போராக்ஸை அள்ளியவர்கள் சீனத் தொழிலாளர்கள். அவர்கள் தங்கிய இடத்தை எந்தத் தாளிலும் பெயரோடு நான் பார்த்ததில்லை. அவர்கள் தரையில் அள்ளிக் குவித்த வரிசைகளின் தடம் மட்டும் ஆலைக்கு அப்பால் உப்புப் பரப்பில் இன்னும் தெரிகிறது.

வரைபடம் சொத்து உள்ளவரின் கண்ணால் வரையப்படுவது. அது வெற்றிடமாகக் காட்டும் இடத்தைக் காலி இடம் என்று படித்துவிடாதீர்கள்.

பழைய தாளில் ஊற்று இருக்கிறது. தண்ணீர் எடுத்துக்கொள்ளாமல் போகலாமா?

ஒருபோதும் போகாதீர்கள். 1909-ல் யு.எஸ்.ஜி.எஸ். சார்பில் வால்டர் மெண்டன்ஹால் இந்தப் பாலைவனத்தின் நீர்நிலைகளைப் பட்டியலிட்டு ஒரு அறிக்கையே வெளியிட்டார், ஏனென்றால் வழிதவறித் தாகத்தில் செத்தவர்கள் அவ்வளவு பேர். அந்த அறிக்கை வரலாற்றுக்கு அருமையான துணை. இன்றைய பயணத்துக்கு அல்ல. ஊற்று வற்றியிருக்கும், மண் மூடியிருக்கும், சுரங்கப் பக்கம் என்றால் ஆர்சனிக் கலந்திருக்கலாம்.

எப்போது போவது?

நவம்பர் முதல் மார்ச் வரை. 1913 ஜூலை 10-ஆம் தேதி இங்கே பதிவான 56.7 டிகிரி செல்சியஸ்தான் உலக வெப்பப் பதிவாக இருந்து வருகிறது. கோடையில் பள்ளத்தாக்கின் தரைமட்டத்தில் நடக்கவே கூடாது. வெள்ளத்தால் சாலைகள் அடிக்கடி மூடப்படும், கிளம்பும் அன்று காலையில் டெத் வேலி தேசியப் பூங்காவின் இணையதளத்தில் பாருங்கள். பனமின்ட் சிட்டி என்ற பழைய வெள்ளிச் சுரங்க ஊருக்கு 1870களில் குதிரை வண்டி போன சர்ப்ரைஸ் கேன்யன் வழி 1980களின் வெள்ளத்தில் அடித்துப் போய்விட்டது. பழைய தாளில் சாலை இருக்கிறதே என்று வண்டியைத் திருப்பாதீர்கள். இப்போது நடந்துதான் ஏற முடியும், அதுவும் கடினமான ஏற்றம்.

சுரங்கத்துக்குள் கொஞ்ச தூரம் போய்ப் பார்க்கலாமா?

வேண்டாம். நிலப்பரப்புத் தாள் சுரங்கத்தின் வாயை மட்டும்தான் காட்டும், உள்ளே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. பத்தடி உள்ளே தரையில் கிடக்கும் பலகைக்குக் கீழே நூறடிக் குழி இருக்கலாம். பிராணவாயு குறைந்த காற்று வாசனையால் தெரியாது, மயங்கிய பிறகுதான் தெரியும். விட்டுப்போன பழைய டைனமைட்டில் நைட்ரோகிளிசரின் கசிந்து நிற்கும், தொட்டாலே வெடிக்கலாம். கம்பிக் கதவு போட்டிருந்தால் அதற்குள் வௌவால்களும் குடியிருக்கலாம்.

வெளியிலிருந்து பார்க்க வேண்டியதே நிறைய இருக்கிறது. கீன் வொண்டர் சுரங்கத்தில் தாதுவை இறக்கிய வான்கம்பிப் பாதையின் மரக் கோபுரங்கள் மலைமேல் வரிசையாக ஏறுகின்றன. நிரம்பிய வாளிகள் இறங்கும் எடையே காலி வாளிகளை மேலே இழுத்தது. ஆபத்தான குழிகளால் 2008-ல் மூடிய அந்த இடத்தைப் பாதுகாப்பு வேலைகள் முடித்து 2017-ல்தான் திறந்தார்கள்.

கிடைத்ததை எடுத்து வரலாமா?

தேசியப் பூங்காவுக்குள் ஒரு ஆணியைக்கூட எடுக்கக் கூடாது, சட்டப்படி குற்றம். பூங்காவுக்கு வெளியே உள்ள அரசு நிலத்திலும் நூறு வருடத்துக்கு மேற்பட்ட பொருள்களுக்கு 1979-ஆம் ஆண்டுத் தொல்லியல் பாதுகாப்புச் சட்டம் உண்டு. சட்டத்தை விடுங்கள், டப்பா கிடந்த இடம்தான் செய்தி. அடுப்படிக்குப் பக்கத்தில் கிடந்ததா, சுரங்கவாயில் கிடந்ததா என்பதுதான் அங்கே யார் எப்படி இருந்தார்கள் என்று சொல்லும். படம் எடுங்கள், ஜிபிஎஸ் எண்ணைக் குறியுங்கள், அங்கேயே வைத்துவிடுங்கள். இதுவரை யாரும் பதியாதது என்று தோன்றினால் பூங்கா அலுவலகத்துக்கு எழுதுங்கள். சரியான இடத்தைப் பொதுவெளியில் போடாதீர்கள்.

தொலைந்த தங்கச் சுரங்கத்தைப் பழைய வரைபடத்தில் கண்டுபிடிக்க முடியுமா?

1849-ல் இந்தப் பள்ளத்தாக்கில் சிக்கிய பயணிகளில் ஒருவர் வெள்ளித் தாது கண்டார் என்ற கன்சைட் கதையும், 1860களின் பிரெய்ஃபோகிள் தங்கக் கதையும் பல தலைமுறைகளை இங்கே இழுத்து வந்தன. ஷார்ட்டி ஹாரிஸ் காலத்து ஆட்கள்கூட அவற்றைத் தேடியிருக்கிறார்கள். அந்தச் சுரங்கங்கள் கிடைக்கவில்லை. அவற்றைத் தேடிப் போனவர்கள் தோண்டிய குழிகள்தான் தாள்களில் பெருக்கல் குறிகளாக நிறைந்திருக்கின்றன. கிடைத்தாலும் உங்களுக்குப் பயனில்லை. 1976-ல் நிறைவேறிய சட்டம் தேசியப் பூங்காக்களில் புதிய கிளைம்களை நிறுத்திவிட்டது.

அமெரிக்கா போக வாய்ப்பே இல்லாதவர் இதைச் செய்ய முடியுமா?

தாராளமாக. மேலே சொன்னதில் முக்கால்வாசி வேலை மேசையில் நடப்பது. ஒரு தாளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், உதாரணமாக 1910 ஃபர்னஸ் கிரீக். அதில் உள்ள ஊற்றுகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள், ஒவ்வொன்றையும் அதற்குப் போகும் பாதையோடு. அப்புறம் 1950கள் தாளில் அதே ஊற்றுகளைத் தேடி, எந்தப் பாதை நின்றது, எது புதிது என்று பக்கத்தில் குறியுங்கள். அந்தப் பட்டியல் முடியும்போது, அடுத்து எந்தச் சுரங்கத்தைப் படிக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.